கோழிப் பண்ணைகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள்

நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது ஒரு காரியம்; கண்டுபிடித்த மருந்தின் வீரியம் கெடாமல் அதைக் காப்பாற்றி வருவது வேறொரு காரியம். முன்னதற்குப் பரிசும் பாராட்டும் உண்டு. பின்னதைப் பற்றி நினைப்பார் சிலரே. நமது நாட்டுக் கோழிப் பண்ணைகளில் இன்று நடைபெறுவதைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, இந்த இரண்டாவது காரியத்தில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம் என்பது விளங்காமற் போகாது. கிருமிகளைக் கொல்வதற்கென்று வந்த மருந்துகள், அக்கிருமிகள் தம்மைப் பழக்கிக் கொள்வதற்குரிய சாதனங்களாக மாறி வருகின்றன. இதன் விளைவு கோழிகளோடு நின்றுவிடுவதன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மனிதனையும், பிறந்து சில நாட்களே ஆன குழந்தையையும் இது வந்து தொடுகிறது. ஆகவே, கிராமந்தோறும் சென்று பணிபுரியும் கால்நடைத் துறை ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இதுபற்றித் தெளிவான அபிப்பிராயம் ஒன்றைக் கொண்டிருத்தல் அவசியமாகிறது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளின் தொகை சுமார் 85 கோடியே 18 லட்சம். இவற்றுள் வீட்டுப் புறக்கடைகளில் வளர்பவை ஏறத்தாழ 31 கோடியே 70 லட்சம். எஞ்சிய 53 கோடிக்கு மேற்பட்டவை பண்ணைகளில் நெருக்கமாக அடைத்து வளர்க்கப்படுபவை. முட்டையும் இறைச்சியும் ஏழைகளின் வீட்டுக்கும் எட்டும் விலையில் கிடைப்பது இந்தத் தொழிலின் பயன். இதை யாரும் மறுக்கவில்லை. தொழில் வளர வேண்டும் என்பதே நமது விருப்பமும். ஆனால் அது எதை ஊன்றுகோலாகக் கொண்டு வளர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவான ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக் குஞ்சுகளுக்கான மலிவான வைட்டமின் பி12 எதில் கிடைக்கும் எனத் தேடிக் கொண்டிருந்தனர். ஆரியோமைசின் மருந்தை வடித்தெடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது, அவை எதிர்பார்த்ததைக் காட்டிலும் வேகமாக எடை கூடின. சக்கையில் தங்கியிருந்த மிகச் சொற்ப மருந்தே இதற்குக் காரணம் என்று பின்னர் தெரிய வந்தது. 1950இல் இச்செய்தி வெளியாயிற்று. அது முதல் உலகெங்கும் தீவன மூட்டைகளில் எதிருயிரி மருந்துகள், அதாவது ஆன்டிபயாட்டிக் மருந்துகள், கலக்கப்படலாயின. நோய் கண்ட பறவைக்கு மருந்து என்பது போய், நோயில்லாத பறவைக்கும் நாள்தோறும் மருந்து என்ற வழக்கம் இவ்வாறுதான் தோன்றியது. இதில் வியப்பு யாதெனில், இதன் அபாயம் அதற்கு முன்னரே எடுத்துச் சொல்லப்பட்டிருந்தது என்பதே. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்ற போது ஆற்றிய சொற்பொழிவில், கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிவிடும் என எச்சரித்தார். தீவனத்தில் கலக்கும் அளவு, கொல்லப் போதாத அந்த அளவேயாகும்.

கிருமிகள் மருந்துக்குப் பழகுவது எங்ஙனம் என்பதை ஆசிரியர்கள் மாணவருக்கு எளிதில் விளக்கலாம். ஈ. கோலி என்னும் குடற்கிருமி தகுந்த சூழ்நிலையில் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியக் கூடியது. கோடிக்கணக்கில் பெருகும் இக்கூட்டத்தில் எங்கேனும் ஒன்று பிறவியிலேயே சற்று மாறுபட்டதாய், மருந்தைத் தாங்க வல்லதாய் இருக்கக்கூடும். மருந்து மற்றவற்றை மாய்க்கிறது. இதற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. சில நாட்களில் அதன் சந்ததியே குடல் முழுவதும் நிறைகிறது. இது மட்டுமாயின் ஓரளவு சமாளிக்கலாம். 1959இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதைவிடக் கவலை தரும் ஒன்றைக் கண்டனர். ஒரே சமயத்தில் பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல், ஈ. கோலியிடமிருந்து சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவுக்குத் தாவிச் செல்கிறது என்பதே அது. இரு கிருமிகள் ஒன்றையொன்று தொட்டாற் போதும். பிளாஸ்மிட் என்னும் சிறு ஜீன் வளையம் ஒன்றினின்று மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. கோழியின் குடலில் வாழும் தீங்கற்ற கிருமி, தான் கற்றதை மனிதனுக்கு நோய் தரும் கிருமிக்குச் சொல்லிக் கொடுக்கிறது என்று கூறினால் மாணவர்க்கு நன்றாகப் புரியும். உண்மையும் அதுவே.

கொலிஸ்டின் என்ற மருந்தின் வரலாறு இதற்குத் தகுந்த உதாரணம். 1950ஐ ஒட்டி ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட இம்மருந்து சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வது என்பதால் மனித வைத்தியத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் வேறு மருந்துகள் அனைத்தும் தோற்ற நோயாளிகளுக்கு, கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் மீண்டும் இதை நாடினர். மனிதருக்குக் கடைசி மருந்தாக இருந்த இதே கொலிஸ்டின், கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் முதல் மருந்தாக, தீவனத்தில் மூட்டை மூட்டையாகச் சென்றுகொண்டிருந்தது. கொலிஸ்டின் கிருமியின் மேலுறையில் உள்ள எதிர் மின்னூட்டத்தைப் பற்றிக்கொண்டு உறையைக் கிழித்துச் செயற்படுவது. அம்மின்னூட்டத்தைத் தணித்து, மருந்துக்குப் பிடி கிடைக்காமற் செய்யும் எம்.சி.ஆர்-1 என்னும் ஜீனைச் சீன விஞ்ஞானிகள் 2015 நவம்பரில் அறிவித்தனர். பன்றிகளிலும், கடைகளில் விற்ற இறைச்சியிலும், ஆஸ்பத்திரி நோயாளிகளிடத்தும் அது காணப்பட்டது. அது பிளாஸ்மிட்டில் அமைந்திருந்தது என்பதே உலகைத் திடுக்கிடச் செய்தது. சீனா 2017இல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதைத் தடுத்தது. இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில், உணவுக்கான கால்நடைகள், கோழிகள், நீர்வாழ் உயிர் வளர்ப்பு, தீவனச் சேர்க்கைகள் ஆகியவற்றுக்கென கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் வினியோகிப்பதையும் தடை செய்து உத்தரவிட்டது. சீனாவில் தடைக்குப் பின் கொலிஸ்டினை எதிர்க்கும் கிருமிகள் கணிசமாகக் குறைந்தன என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நமது தடையும் நல்ல முடிவே என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் ஒரு மருந்தைத் தடுத்துவிட்டு, அதன் இடத்தில் இன்னொன்றை ஊற்றிக் கொண்டிருப்பதால் காரியம் முடிந்துவிடாது.

நம் நாட்டு நிலைமையைக் காட்டும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் 2014இல் அந்நகரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. நூற்றுக்கு 40இல் மருந்தின் மிச்சம் காணப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வொன்று பஞ்சாபில் 18 பண்ணைகளைச் சேர்ந்த 530 கோழிகளினின்று ஈ. கோலிக் கிருமிகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. பெனிசிலின் இனத்து மருந்துகளையும், அவற்றினும் வலிய செபலோஸ்போரின் மருந்துகளையும் சிதைக்கும் ஒருவகை நொதியை உண்டாக்கும் கிருமிகள், இறைச்சிக் கோழிகளில் நூற்றுக்கு 87 ஆகவும் முட்டைக் கோழிகளில் 42 ஆகவும் இருந்தன. இறைச்சிக் கோழி உயிர்வாழ்வது ஐந்தாறு வாரமே. முட்டைக் கோழி ஒன்றரை ஆண்டுக்கு மேல் வாழ்வது. குறுகிய காலமே வாழும் பறவையிடத்து இருமடங்கு எதிர்ப்பு காணப்படுவது, காலத்தின் நீட்சியைவிட மருந்தின் நெருக்கமே காரணம் என எண்ண இடந்தருகிறது.

மருந்து கொடுக்கப்படும் முறையிலேயே ஒரு பெருங் குறை இருக்கிறது. இதைக் களத்தில் உள்ளோர் நன்கு அறிவர். ஆனால் இதன் கருத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. பதினாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து புகட்டுதல் இயலாது. ஆகவே குடிநீர்த் தொட்டியில் மருந்தைக் கரைத்து எல்லாவற்றுக்கும் விடுகிறார்கள். நோயுற்ற கோழி மூலையில் குறுகிக் கிடக்கிறது. அது தீவனமும் தின்பதில்லை, நீரும் சரிவரக் குடிப்பதில்லை. நலமாக உள்ள கோழியோ ஓடிவந்து வயிறு நிறையக் குடிக்கிறது. எதற்கு மருந்து வேண்டுமோ அதற்கு மிகக் குறைவாகவும், எதற்கு வேண்டாவோ அதற்கு மிகுதியாகவும் மருந்து சேர்கிறது. நோயாளியின் உடலில் உள்ள கிருமிக்குக் கிடைப்பது பிளெமிங் எச்சரித்த அந்த அரைகுறை அளவு. இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. நம் நாட்டின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. அந்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்கிளின், என்ரோபிளாக்சசின் முதலிய மருந்துகளைப் பற்றிக் கொள்வதால், குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்லும் அளவு குறைகிறது. முட்டைக் கோழித் தீவனத்தில் ஓட்டின் உறுதிக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புக் கல்லும் இதையே செய்கிறது. "மருந்து கேட்கவில்லை" என்று பண்ணையாளர் சொல்வதையும், உடனே அதைவிட வலிய மருந்து கைமாறுவதையும் பலமுறை காண்கிறோம். முதல் மருந்து கிருமியைச் சென்று அடைந்ததா என்று கேட்பாரில்லை.

இனி, எந்த நோய்களுக்காக இவ்வளவு மருந்தும் செலவாகிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் கோழிகளை அதிகமாக மாய்க்கும் நோய்களுள் முதன்மையானது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கேட் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலும் காணப்பட்ட இது, அதையடுத்து நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. இதற்குக் காரணம் வைரஸ். வைரஸை எந்த எதிருயிரி மருந்தும் தொடாது. தடுப்பூசி ஒன்றே வழி. அதுவும் முக்தேசுவரத்து ஆராய்ச்சிக்கூடத்திலேயே உருவாக்கப்பட்ட தடுப்பூசி 1940கள் முதல் நம்மிடம் இருக்கிறது. அப்படியிருந்தும் வெள்ளைக் கழிச்சல் பரவும் போதெல்லாம் மருந்துக் கடைகளில் எதிருயிரி மருந்துகளே விற்பனையாகின்றன. கோழி அம்மை, பறவைக் காய்ச்சல், கம்போரோ நோய், மாரெக் நோய் இவையும் வைரஸ் நோய்களே. ரத்தக் கழிச்சலுக்குக் காரணம் பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. ஓரணு உயிர் ஒன்று. நோயின் பெயரைத் தெரிந்து கொள்ளாமல் மருந்தின் பெயரை மட்டும் தெரிந்து கொள்வது எத்தகைய விரயம் என்பதற்கு இவை போதும்.

ஈ. கோலியால் வரும் நோய் பாக்டீரியா நோய்தான். மருந்துக்கு அங்கே இடமுண்டு எனலாம். ஆனால் அந்நோயின் வேர் பெரும்பாலும் கிருமியில் இல்லை, கூளத்தில் இருக்கிறது. ஈரமான கூளத்திலிருந்து எழும் அம்மோனியா, கோழியின் மூச்சுக்குழலில் தூசியைத் தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. எப்போதும் தூசியில் கலந்து கிடக்கும் ஈ. கோலி, காவல் இழந்த அவ்வழியே உள்ளே இறங்கிக் காற்றுப் பைகளிலும் இதய உறையிலும் குடியேறுகிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் நம் கண் எரிந்தால், கோழியின் மூச்சுக்குழல் முன்னரே பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்த பின்னும் உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. உதிர்ந்து போனால் சரி. ஒழுகும் நீர்க்குழாயை அடைப்பதும், காற்றோட்டத்துக்கு வழி செய்வதும், நெரிசலைக் குறைப்பதும் எந்த மருந்தும் தராத பலனைத் தரும். இவற்றிற்கு ஆகும் செலவு ஒரு முறை. மருந்துக்கு ஆகும் செலவோ தொகுதிதோறும்.

புல்லோரம் நோயின் கதையும் நினைவுகூரத் தக்கது. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்லும் இந்நோய் ஒரு காலத்தில் குஞ்சு பொரிப்பகங்களைச் சூறையாடி வந்தது. அது அடங்கியது மருந்தினால் அன்று. இறக்கையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, வண்ணமூட்டிய எதிர்ப்பொருள் ஊக்கியுடன் தட்டில் கலந்தால், நோய்க்கிருமியைச் சுமக்கும் கோழியின் இரத்தம் திரித்திரியாகத் திரளும். அவ்வாறு தெரிந்த தாய்க்கோழிகளை விலக்கி விலக்கியே பல நாடுகள் அந்நோயை ஒழித்தன. அந்த ஊக்கியை நமது இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் தயாரித்து வருகிறது. மருந்தைவிடச் சோதனை வலியது என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

மருந்தை நிறுத்தினால் தொழில் நசிக்கும், முட்டை விலை ஏறும், ஏழைக்குப் புரதம் கிட்டாமற் போகும் என ஒரு வாதம் உண்டு. இதை அலட்சியப்படுத்தல் தகாது. பண்ணை வைத்திருப்போருள் பலர் கடன்பட்ட சிறு விவசாயிகள். ஆனால் அனுபவம் இவ்வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. ஸ்வீடன் 1986இல் வளர்ச்சிக்கான மருந்துகளைத் தடை செய்தது. டென்மார்க்கில் இறைச்சிக் கோழி வளர்ப்போர் 1998இல் தாமாகவே அவற்றை நிறுத்தினர். அதன் பின் கோழிகளின் உற்பத்தி குறையவில்லை, சாவு கூடவில்லை, எடைக்கு வேண்டிய தீவனம் மட்டும் மிகச் சிறிதளவு உயர்ந்தது. அந்தச் செலவும், மருந்து வாங்காமல் மிஞ்சிய பணத்தில் ஏறக்குறைய ஈடாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் வளர்ச்சிக்கான மருந்துகள் நின்றுவிட்டன. அசுத்தமான கொட்டகையில்தான் மருந்து எடையைக் கூட்டிக் காட்டுகிறது. சுத்தமான கொட்டகையில் அது காட்டும் ஆதாயம் அற்பம். அப்படியானால் நாம் மருந்து வாங்குவது எடைக்காகவா, அசுத்தத்தை நீடிக்க விடுவதற்காகவா என்ற கேள்வி எழுகிறது.

கனடாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. கியூபெக் மாகாணத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செப்டியோபர் என்னும் மருந்தைச் செலுத்தும் வழக்கம் இருந்தது. கோழி இறைச்சியிலும் மனிதரிடத்தும் அம்மருந்து இனத்தை எதிர்க்கும் சால்மொனெல்லாக் கிருமிகள் பெருகியதைக் கண்டு, 2005இல் அவ்வழக்கத்தை அவர்களே நிறுத்தி வைத்தனர். எதிர்ப்புக் கிருமிகள் இரு சாராரிடத்தும் வெகுவாகக் குறைந்தன. 2007இல் ஓரளவு மீண்டும் மருந்தைத் தொடங்கினர். கிருமிகளும் மீண்டும் தலையெடுத்தன. பண்ணையில் செய்வது வீட்டில் பிரதிபலிக்கிறது என்பதற்கும், நிறுத்தினால் நிலைமை திரும்பும் என்பதற்கும் இதுவே போதிய ருசு. அமெரிக்காவில் என்ரோபிளாக்சசின் மருந்தைக் கோழிகளுக்குத் தருவது இக்காரணத்தாலேயே 2005இல் ரத்து செய்யப்பட்டது. அம்மருந்து விலங்கின் உடலில் ஒரு பகுதி சிப்ரோபிளாக்சசினாகவே மாறுவது. நாம் காய்ச்சலுக்கும் பேதிக்கும் உட்கொள்ளும் மாத்திரை அதுதான்.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று எண்ணலாகாது. பல எதிருயிரி மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. 2012இல் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, உணவுக்கான கால்நடை மருந்தின் உறை மீது விலக்குக் காலம் குறிக்கப்பட வேண்டும். அதாவது, கடைசி வேளை மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து முட்டையையோ இறைச்சியையோ விற்கலாம் என்பது. தனியே காலம் நிர்ணயிக்கப்படாத மருந்தாயின் முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளும், இறைச்சிக்கு 28 நாளும் குறையாதிருக்க வேண்டும். இறைச்சிக் கோழியின் ஆயுளே 40 நாளளவு என்பதை நினைத்தால், அதன் வாழ்வில் இரண்டாவது வாரத்துக்குப் பின் இத்தகைய மருந்து எதையும் கொடுக்க இயலாது என்பது கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பண்ணையாளர் எத்தனை பேர்? அதைவிட, போட்டுக் காட்டியவர் எத்தனை பேர்?

இதில் குற்றத்தைப் பண்ணையாளர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று என்பது எமது கருத்து. ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திலிருந்தே வருகின்றன. தீவனத்தில் கலந்திருப்பது யாது என்பதை அவர் அறியார். கேட்கும் நிலையிலும் அவர் இல்லை. ஆகவே முதற் கடமை தீவன மூட்டைக்கு உரியது. சேர்க்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும், அந்தந்த மாநில மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் மூட்டையின் மீது அச்சாக வேண்டும். வைத்தியர் சீட்டின்றி மருந்து கலந்த தீவனம் எதுவும் ஆலையை விட்டு வெளியேறலாகாது. நோய் வருமுன்னரே கொட்டகை முழுவதற்கும் வழக்கமாக மருந்து கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. நாம் அந்த இடத்துக்கு ஒரே நாளில் போய்ச் சேர முடியாவிடினும், மனித வைத்தியத்தில் கடைசி வரிசையில் வைத்துக் காக்கப்படும் மருந்துகளை மட்டுமேனும் கோழிகளிடமிருந்து முற்றிலும் விலக்கி வைக்க வேண்டும்.

களப்பணியாளரிடம் "சோதனை செய்த பின்னரே மருந்து கொடுங்கள்" என்று சொல்வது எளிது. சோதனைக்கு அவர் எங்கே போவார்? கிருமியை வளர்த்து, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை அதன் மீது வைத்து, எந்த வில்லையைச் சுற்றி வெற்றிடம் தோன்றுகிறது எனப் பார்க்கும் முறை 1966 முதல் உலகெங்கும் ஒரே சீராக வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. ஆயினும் முடிவு தெரிய இரண்டு மூன்று நாளாகும். ஆய்வுக்கூடம் நூறு மைலுக்கு அப்பால் இருந்தால் ஒரு வாரமாகும். நாற்பது நாள் வாழும் பறவைக்கு ஒரு வாரம் என்பது மிக நீண்ட காலம். ஒவ்வொரு கோழி வளர்ப்பு மாவட்டத்திலும் இச்சோதனையைச் செய்யும் சிறு கூடம் ஒன்று இயங்குவது, விளம்பரப் பலகைகள் நூறு வைப்பதைவிடப் பயனுள்ளது. அதுவரை சும்மா இருக்க வேண்டுமென்பதும் இல்லை. இறந்த கோழி இரண்டு மூன்றை உடனே அறுத்துப் பார்த்தால், அநேகமாக நோயின் இனம் அன்றே தெரிந்துவிடும். இரைப்பையின் சுரப்பிகளில் இரத்தப் புள்ளி இருந்தால் வெள்ளைக் கழிச்சலை நினைக்க வேண்டும். இதயத்தையும் ஈரலையும் சுற்றி வெண்படலம் படிந்திருந்தால் ஈ. கோலியை நினைக்க வேண்டும். குடற்பையில் இரத்தம் தேங்கியிருந்தால் ரத்தக் கழிச்சல். கத்தி ஒன்றும் கால் மணி நேரமும் போதுமான இக்காரியத்தைச் செய்யாமல் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு நியாயம் கிடையாது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது வேறு வகை. கிருமி என்ற ஒரே சொல்லால் பாக்டீரியாவையும் வைரஸையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, எதிருயிரி மருந்து கிருமியைக் கொல்லும் என்று முடித்து விடுவது வகுப்பறைகளில் காணும் வழக்கம். மாணவன் வளர்ந்து பண்ணை வைத்த பின்னும் அந்த ஒரு வரியே அவன் நினைவில் நிற்கிறது. இரண்டின் வேற்றுமையையும் கால் மணி நேரம் விளக்கினால், பிற்காலத்தில் வெள்ளைக் கழிச்சலுக்கு அவன் கடையில் போய் மருந்து கேட்க மாட்டான். கோழி வளர்ப்பு மிகுந்த ஊர்களில், காலியான தீவன மூட்டைகளையும் மருந்து உறைகளையும் மாணவரைக் கொண்டு வரச் செய்து, அவற்றில் உள்ளதைப் படிக்கச் சொல்லலாம். விலக்குக் காலம் எத்தனை உறைகளில் அச்சாகியிருக்கிறது என்று எண்ணுவதே நல்ல விஞ்ஞானப் பாடம். உறைகளைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவ வைப்பது அப்பாடத்தின் ஒரு பகுதி.

புறக்கடைக் கோழிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 31 கோடிக்கு மேற்பட்ட அவை பெரும்பாலும் பெண்களின் கைச்செலவுக்கு ஆதாரம். இவற்றுக்கு மருந்துத் தீவனம் கிடையாது. தடுப்பூசியும் கிடையாது என்பதுதான் துயரம். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி நூறு கோழிகளுக்கும் அதற்கு மேலும் ஆகும் குப்பிகளில் வருகிறது. கரைத்த பின் ஓரிரு மணி நேரத்துக்குள் செலவிட வேண்டும்; அதுவரை பனிக்கட்டியில் இருத்தல் வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் பெண்மணி ஒரு குப்பியை வாங்கி என்ன செய்வார்? ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோ உருவாக்கிய ஐ-2 என்னும் தடுப்பூசி ஓரளவு வெப்பத்தைத் தாங்குவது. கண்ணில் ஒரு சொட்டு விட்டாற் போதும். அத்தகையது பரவலாகக் கிடைக்கும் வரையில் இருப்பதைக் கொண்டே காரியம் பார்க்க வேண்டும். ஊர் முழுவதற்கும் ஒரே நாளைக் குறித்து, கோழிகள் அடையும் மாலைப் பொழுதில் கூடைகளில் மூடி வைக்கச் சொல்லி, பனிக்கட்டிப் பெட்டியுடன் வீடு வீடாகச் சென்றால் ஒரு குப்பியும் வீணாகாது. அந்த நாளை வீடுகளுக்குச் சொல்லியனுப்பப் பள்ளிக் குழந்தைகளைவிடச் சிறந்த தூதுவர் இல்லை. ஊழியரும் ஆசிரியரும் முதல் நாள் கலந்து பேசி, தேதியைப் பள்ளியின் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். தடுப்பூசி போட்ட அன்றே அடுத்த முறைக்குரிய தேதியையும் அதற்குக் கீழே எழுதிவிடலாம்.